முயலுக்கு வைத்த கண்ணிக்கு 7 ஆண்டு சிறையா? பழவேற்காடு முதல் திபெத் வரை நீளும் விலங்கு ரோம வியாபாரம்: முழு விளக்கம்

பழவேற்காடுன்னு சொன்னதும் நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது பூநாரை. அப்புறம் இறால், நண்டு, டச்சுக்காரர்கள் கல்லறை, ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பும் ராக்கெட்.

ஆனால் அதே ஏரிக்கரையில் ஒருவர் முயல் பிடிக்க ஒரு முழம் கம்பியைச் சுருக்குப் போட்டு வைத்தால், அவருக்குக் குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறைத் தண்டனை கிடைக்க வாய்ப்பு இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் கண்ணியில் முயல்தான் விழும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கீரி விழலாம், நரி விழலாம். அங்கிருந்துதான் வேறு ஒரு பெரிய கதை ஆரம்பிக்கிறது. கீரி முடி ஓவியர் கையில் தூரிகையாகிறது. நீர்நாய்த் தோல் இமயமலையைத் தாண்டிப் போயிருக்கிறது. இதில் பிடிப்பவர் யார், பணம் பார்ப்பவர் யார், ஜெயிலுக்குப் போகிறவர் யார்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், பழவேற்காடு எப்படிப்பட்ட இடம்?

ஒடிசாவில் உள்ள சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு முனை மட்டும் நம்ம திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி பக்கம். தெற்கே ஆரணி ஆறு, மேற்கே காளங்கி, வடக்கே சுவர்ணமுகி ஆகியவை நன்னீரைக் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் உள்ளே வருகிறது. இரண்டும் கலப்பதால்தான் இறாலும் நண்டும் இங்கே செழிக்கின்றன.

ஆந்திரப் பகுதி 1976லும், தமிழ்நாட்டுப் பகுதி 1980லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டுச் சரணாலயத்தின் பரப்பு 153.67 சதுர கிலோமீட்டர். இந்தச் 'சரணாலயம்' என்ற ஒரு வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோங்க. சட்டம் பற்றிப் பேசும்போது இது முக்கியமாக வரும்.

ஏரியில் யார் எங்கே வலை போடலாம் என்பதற்குப் பல தலைமுறையாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் 'பாடு'. கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் குப்பங்களில், தலைக்கட்டில் பெயர் உள்ளவர்கள் குலுக்கல் போட்டு, முறை வைத்து, நல்ல இறால் கிடைக்கும் இடங்களில் சுத்துவலை கட்டுவார்கள். ஒரே ஆள் நல்ல இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் தலைக்கட்டில் பெயர் இல்லாதவர்களுக்கு அதில் இடமில்லை. ஏரியைச் சுற்றியுள்ள இருளர் குடும்பங்கள் அப்படிப்பட்டவர்கள். அவர்களில் பலருக்குப் படகு கிடையாது, பெரிய வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவி, வெறும் கையால் இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் பனையோலைப் பறியில் போட்டுக்கொண்டு, அந்தப் பறியைப் பல்லில் கவ்வியபடியே வேலை செய்யும் பெண்களை எண்ணூர், கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் இன்றைக்கும் பார்க்கலாம். தண்ணீரில் வேலை இல்லாத நாளில் எலி, முயல், விறகு, கூலி வேலை என்று பிழைப்பு ஓடும். விலங்கு பிடிப்பது என்ற பேச்சு வந்தாலே முதல் சந்தேகம் விழுவதும் இவர்கள் மேல்தான்.

ரோமத்துக்காக விலங்கு பிடிப்பது எங்கே தொடங்கியது?

உலக அளவில் இந்தத் தொழில் பனி நாடுகளின் ஏரிகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் சொந்தமானது. கனடா, வட அமெரிக்கா, ரஷ்யா பக்கம் நீரெலி, பீவர், மிங்க், நீர்நாய் ஆகியவற்றைப் பொறி வைத்துப் பிடித்துத் தோலை உரித்து விற்பார்கள்.

ஏன் குறிப்பாக நீர்நிலை விலங்குகள்? காரணம் எளிது. உறையும் தண்ணீரில் நீந்த வேண்டிய விலங்குக்கு இரண்டு அடுக்கு முடி இருக்கும். மேலே நீளமான, எண்ணெய்ப் பசையுள்ள முடி. அடியில் பஞ்சு மாதிரி நெருக்கமான முடி. அந்த அடிமுடிக்குள் காற்று தங்கிவிடுவதால் தண்ணீர் தோலைத் தொடாது. குளிர் ஏறாது. மனிதனுக்கும் அதுதான் தேவைப்பட்டது.

1670ல் லண்டனில் தொடங்கப்பட்ட ஹட்சன்ஸ் பே கம்பெனி இந்த வியாபாரத்தை வைத்தே கனடாவில் ஒரு சாம்ராஜ்யம் நடத்தியது. ஐரோப்பியர்கள் தலையில் வைத்த தொப்பிக்காகப் பீவர் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டு, பல ஏரிகளில் இல்லாமலே போனது. பிற்காலத்தில் பல்பொருள் அங்காடி நிறுவனமாக மாறிய அதே கம்பெனி, 2025ல்தான் கனடாவில் தன் கடைகளை மூடியது.

இப்போது அந்தத் தொழிலுக்கே எதிர்ப்பு அதிகம். விலங்கின் காலை இரும்புப் பற்களால் கவ்வும் பொறியை ஐரோப்பிய யூனியன் 1991ல் தடை செய்யச் சட்டம் போட்டது. இந்தியாவும் 2017 ஜனவரியில் மிங்க், நரி, சின்சில்லா ஆகிய விலங்குகளின் ரோமத் தோல் இறக்குமதிக்குத் தடை விதித்தது.

வெயில் ஊர்ல ரோமத்துக்கு என்ன வேலை?

நியாயமான கேள்விதான். சென்னைப் பக்கம் யாரும் ரோமக் கோட்டு போடப் போவதில்லை. ஆனால் நம் ஊர் விலங்குகளின் முடிக்கும் தோலுக்கும் வேறு வழியில் சந்தை இருக்கிறது. முக்கியமாக மூன்று.

1. கீரி முடி தூரிகை

ஓவியம் வரையும் தூரிகைக்குக் கீரியின் முடி வேண்டும் என்று ஒரு சந்தை பல ஆண்டுகளாக இருக்கிறது. முடி மிருதுவாக இருக்கும், அதே நேரம் விறைப்பாகவும் நிற்கும். நுனி கூராக இருக்கும். அதுதான் காரணம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கீரி முடி சேர்க்கச் சுமார் 50 கீரிகள் சாக வேண்டும். முடியை மட்டும் கத்தரித்துவிட்டுக் கீரியை ஓட விடுவதில்லை. அடித்துக் கொன்றுதான் எடுக்கிறார்கள்.

2002ல் கீரிக்கான சட்டப் பாதுகாப்பு உயர்த்தப்பட்டது. அதன் பிறகும் கள்ளச் சந்தை நிற்கவில்லை. 2019 அக்டோபரில் வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவு, 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் நாடு முழுக்க ஒரே நேரத்தில் சோதனை நடத்தியது. உத்தரப் பிரதேசத்தின் ஷேர்கோட் போன்ற தூரிகைத் தயாரிப்பு ஊர்கள் முதல் பெரிய நகரங்களின் கடைகள் வரை சோதனை நீண்டது.

கீரி போனால் நமக்கு என்ன நஷ்டம்? வயல் வரப்பில் எலியையும் பாம்பையும் சம்பளம் இல்லாமல் கட்டுப்படுத்துவது கீரிதான்.

2. நீர்நாய்த் தோல்

நீர்நாய் நம் இலக்கியத்துக்குப் புதிது இல்லை. குளத்தில் வாளை மீனைத் தேடும் நீர்நாயைச் சங்கப் பாடல்கள் பல இடங்களில் காட்டுகின்றன. அப்போது ஊர்க் குளத்திலேயே பார்க்கக்கூடிய விலங்காக அது இருந்திருக்க வேண்டும். இன்றைக்குத் தமிழ்நாட்டில் காவிரி, மோயாறு, பவானி போன்ற ஆறுகளில் அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம்.

இந்தியாவில் மூன்று வகை நீர்நாய்கள் உண்டு. நம் சமவெளி ஆறுகளிலும் முகத்துவாரங்களிலும் கூட்டமாகத் திரிவது மென்தோல் நீர்நாய். திமிங்கிலத்துக்கு இருப்பது மாதிரி தோலுக்கு அடியில் கொழுப்பு அடுக்கு நீர்நாய்க்குக் கிடையாது. உடம்புச் சூட்டைக் காப்பாற்ற அதற்கு இருப்பது அந்த அடர்த்தியான ரோமம் மட்டும்தான். அதைக் காப்பாற்றும் ரோமமே அதற்கு எமனாகவும் ஆனது.

2003 அக்டோபரில் திபெத்தில் சீனச் சுங்க அதிகாரிகள் ஒரு லாரியை மடக்கினார்கள். உள்ளே 31 புலித் தோல், 581 சிறுத்தைத் தோல், 778 நீர்நாய்த் தோல். புலி, சிறுத்தை என்றதும் உலகமே அதிர்ந்தது. எண்ணிக்கையில் அதிகம் இருந்த நீர்நாயைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை. திபெத்தில் திருவிழா உடையான 'சுபா'வின் ஓரத்தில் இந்தத் தோலை வைத்துத் தைப்பது வழக்கம். அந்தஸ்தின் அடையாளம்.

இந்தச் சந்தைக்கு விழுந்த பெரிய அடி எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் பக்கத்து மாநிலத்தில் இருந்து. 2006 ஜனவரியில் ஆந்திராவின் அமராவதியில் நடந்த காலசக்ர விழாவில், விலங்குத் தோல் அணிவதை விட்டுவிடும்படி தலாய் லாமா திபெத்தியர்களைக் கேட்டுக்கொண்டார். அடுத்த சில வாரங்களில் திபெத்தின் பல ஊர்களில் மக்கள் தங்கள் தோல் உடைகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். வாங்குகிற ஆள் நிறுத்தினால் எவ்வளவு வேகமாக மாற்றம் வரும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

2019ல் உலக நாடுகள் கூடிய சைட்டிஸ் மாநாட்டில் மென்தோல் நீர்நாயும் சிறுநக நீர்நாயும் முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டன. அதாவது, சர்வதேச வணிக விற்பனைக்கு முழுத் தடை.

மீனவர்களுக்கும் நீர்நாய்க்கும் பல இடங்களில் ஆகாது. வலையைக் கிழிக்கும், மீனை எடுத்துவிடும். ஆனால் வங்கதேசத்தின் சுந்தரவனப் பக்கம் சில மீனவக் குடும்பங்கள் நீர்நாயைப் பழக்கி, அதை வைத்தே மீனை வலைக்குள் விரட்டுகிறார்கள். ஓர் ஊரில் திருடன் என்று பெயர் வாங்கியது, இன்னொரு ஊரில் கூட்டாளி.

3. நரிக்கொம்பு

இது சுத்த ஏமாற்று. நரிக்குக் கொம்பே கிடையாது. ஆனால் 'நரிக்கொம்பு வைத்திருந்தால் காசு தங்கும், வசியம் ஆகும்' என்று சொல்லி, முடி ஒட்டிய எலும்புத் துண்டையோ கழிவுத் தோலில் செய்த உருண்டையையோ விற்கிறார்கள். இணையத்திலும் விற்பனை நடக்கிறது. வாங்குகிறவர் ஏமாறுவது ஒரு பக்கம். அதற்காக உண்மையிலேயே ஒரு நரி செத்திருந்தால், அது வனக் குற்றம். ஏரி ஓரங்களில் செத்த மீன், நண்டு, எலி என்று தின்று கரையைச் சுத்தமாக வைப்பதில் நரிக்கும் பங்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. இதில் 'வேட்டை' என்றால் துப்பாக்கி எடுத்துச் சுடுவது மட்டும் இல்லை.

* கொல்வது, பிடிப்பது, விரட்டுவது வேட்டை.
* கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை வைத்து வரவழைப்பது வேட்டை.
* இதையெல்லாம் செய்ய முயற்சி செய்தாலே வேட்டை. கண்ணியில் எதுவும் விழவில்லை என்றாலும் தப்பிக்க முடியாது.
* பறவை முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பதும் இதில் சேரும்.

தண்டனை? இந்தச் சட்டம் 2022ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பொதுவான குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

இப்போதுதான் அந்தச் 'சரணாலயம்' வருகிறது. சரணாலய எல்லைக்குள் வேட்டையாடினால், விலங்கு எந்த அட்டவணையில் இருந்தாலும் அதே 3 முதல் 7 ஆண்டு தண்டனைதான். அதாவது, வெளியே ஒரு முயலுக்குக் கண்ணி வைப்பதும், சரணாலயத்துக்குள் அதே முயலுக்குக் கண்ணி வைப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்று இல்லை. எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று ராத்திரியில் யாருக்குத் தெரியும்? பழவேற்காடு மாதிரி சரணாலயத்தை ஒட்டியே வீடுகள் இருக்கும் ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு விஷயம். வண்டியில் அடிபட்டுச் செத்த கீரியின் தோலைக் கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. பாதுகாக்கப்பட்ட வன விலங்கு செத்தாலும் அது அரசின் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தகவல் சொல்ல வேண்டும்.

பிடிச்சுட்டு விட்டுட்டா தப்பு இல்லைதானே?

தப்புதான். இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சேலம் மாவட்டம் வாழப்பாடி சுற்றுவட்டாரக் கிராமங்களில் பொங்கல் சமயத்தில் 'வங்காநரி ஜல்லிக்கட்டு' என்று ஒரு வழக்கம். தை மாதத்தில் நரி முகத்தில் முழித்தால் ஊருக்கு நல்லது என்று நம்பி, காட்டில் வலை கட்டி நரியைப் பிடித்து, ஊருக்குள் கொண்டு வந்து, கோயில் பக்கம் ஓடவிட்டு, பிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

கொல்வதில்லை, விற்பதும் இல்லை. ஆனாலும் 'பிடிப்பது' என்ற வார்த்தை சட்டத்தில் இருப்பதால் அது வேட்டைதான். வனத்துறை எச்சரிப்பதும், மீறினால் அபராதம் விதிப்பதும் செய்தியாக வந்துகொண்டே இருக்கிறது.

அப்போ எலி பிடிச்சா?

முன்பு இந்தச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. எலி, சுண்டெலி, காகம், பழந்தின்னி வவ்வால் ஆகியவை அதில் இருந்தன. அவற்றைப் பிடிக்கத் தடை இல்லை. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டது. இப்போது எந்த விலங்கைத் தொல்லை தருவதாகக் கருதலாம் என்பதை மத்திய அரசு தனி அறிவிக்கை மூலம் சொல்ல வேண்டும். வயலில் எலி பிடிப்பதற்காக யாரையும் கைது செய்வதில்லை. விவசாயிகளே கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்கிறார்கள்.

எலி பிடிப்பதில் இருளர்களுக்கு இணை யாரும் இல்லை. வளையின் வாயில் மண்பானையை வைத்து, உள்ளே வைக்கோலைக் கொளுத்தி, பானையின் ஓட்டை வழியாக வாயால் ஊதிப் புகையை உள்ளே அனுப்புவார்கள். எலி மயங்கும். வளையைத் தோண்டி எடுப்பார்கள். எலி மட்டுமா கிடைக்கும்? அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். ஆனால் ஊதுகிறவர் உதடும் கையும் வெந்துபோகும், நுரையீரலில் புகை ஏறும்.

இதற்காகத் திருவள்ளூர் மாவட்ட இருளர்களோடு வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனம், கையால் சுற்றிப் புகை ஊதும் இரும்புக் கருவி ஒன்றை உருவாக்கியது. 2003ல் உலக வங்கி நடத்திய புத்தாக்கப் போட்டியில் அதற்கு நிதி கிடைத்தது. கருவி எளிமையானதுதான். ஆனால் பானை ஊதிய ஆளுக்கு அது பெரிய விடுதலை.

பிடிக்கிறவர் யார்? சம்பாதிக்கிறவர் யார்?

விலங்குத் தோல், முடி வியாபாரத்தில் ஒரு சங்கிலி இருக்கிறது. கடைசிக் கண்ணியில் இருப்பவர் பெரும்பாலும் நிலம் இல்லாதவர், படிக்காதவர், ஊர் ஊராகப் போகிறவர். அவருக்குக் கிடைப்பது அன்றைக்கான அரிசிக்காசு. நடுவில் ஊர் ஊராகச் சேகரிக்கும் தரகர். அவருக்கு மேல் பெரிய வியாபாரி. உச்சியில் கண்ணாடிக் கடையில் தூரிகை விற்பவர்.

சோதனை வந்தால் முதலில் மாட்டுவது யார்? கையில் கம்பியோடு இருப்பவர். வக்கீல் வைக்கவும் ஜாமீன் எடுக்கவும் வழி இல்லாதவரும் அவர்தான். அவர் ஜெயிலில் இருக்கும்போது தரகர் அடுத்த ஊரில் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். அதனால்தான் வெறும் கைது மட்டும் இந்த வியாபாரத்தை நிறுத்துவதில்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒருவர் செய்த தப்புக்காக ஒரு சமூகத்தையே குற்றவாளியாகப் பார்ப்பது. நரிக்குறவர் என்ற பெயரில் 'நரி' இருப்பதாலேயே எல்லாரையும் வேட்டைக்காரர் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. பாசிமணி விற்றும் சின்ன வியாபாரம் செய்தும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அந்த மக்கள், பல ஆண்டு கோரிக்கைக்குப் பிறகு 2023ல்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

தோலில் இருந்து விஷத்துக்கு: இருளர்கள் காட்டிய வழி

விலங்கு பிடிப்பதைச் சட்டம் தடை செய்தால், அதை நம்பிப் பிழைத்தவர் என்ன செய்வார்? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு பதில் இருக்கிறது.

1970களின் நடுப்பகுதி வரை இருளர்கள் பிடித்த பாம்புகளின் தோல் கைப்பை, செருப்பு, பெல்ட் செய்ய வெளிநாடு போனது. சென்னை அந்தத் தொழிலின் முக்கிய மையம். 1972 சட்டமும், 1976ல் வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் அதை நிறுத்தின. பாம்புகள் தப்பித்தன. ஆனால் இருளர் குடும்பங்களின் வருமானம் ஒரே நாளில் நின்றது.

அப்போது பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் போன்றவர்களின் துணையோடு ஒரு யோசனை வந்தது. பாம்பு பிடிக்கும் திறமையை வீணாக்காமல், தோலுக்குப் பதில் விஷத்தை எடுத்தால் என்ன? 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இன்றும் இயங்குகிறது.

வேலை இப்படி நடக்கும். அரசு அனுமதித்த எண்ணிக்கையில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைப் பாம்புகளை மட்டும் பிடிப்பார்கள். சில வாரங்கள் பானையில் வைத்து விஷம் எடுப்பார்கள். பிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷம் பாம்புக்கடி மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறப்பதாக ஆய்வு மதிப்பீடு சொல்லும்போது, இந்த வேலையின் அருமை புரியும்.

இந்தத் திறமையைத் தேடி அமெரிக்காவே வந்தது. ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த சின்ன விலங்குகளைத் தின்று தீர்த்தன. 2017ல் இருளர் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே அழைத்துச் செல்லப்பட்டார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கண்ணும் கையும் அதே திறமைதான். அனுமதியும் கூலியும் கிடைத்ததும் அதே ஆள் பத்மஸ்ரீ. அனுமதி இல்லாவிட்டால் கைதி.

பழங்குடிகளுக்குன்னு தனி உரிமை இல்லையா?

கனடாவில் உண்டு. அங்குள்ள பூர்வகுடிகளின் உரிமைகளையும், அரசோடு அவர்கள் போட்ட ஒப்பந்த உரிமைகளையும் 1982 அரசியலமைப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவு அங்கீகரிக்கிறது. வேட்டை, மீன்பிடி, பொறி வைத்தல் ஆகியவை இதன் கீழ் வருகின்றன.

இந்தியாவில் 2006ல் வந்த வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு நிலம், வெட்டுமரம் தவிர்த்த சிறு வன விளைபொருட்கள், மேய்ச்சல், நீர்நிலைகளில் மீன் என்று பல உரிமைகளைத் தந்தது. ஆனால் மரபு உரிமைகளைப் பற்றிய அதே பிரிவில், வேட்டையாடுவதும் பொறி வைப்பதும் இதில் சேராது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது.

இரண்டில் எது சரி? கனடாவின் பரப்பும் மக்கள்தொகையும் வேறு. இந்தியாவில் மிச்சம் இருக்கும் காடும் ஈரநிலமும் கொஞ்சம். எல்லாருக்கும் பிடிக்க அனுமதி கொடுத்தால் நீர்நாயும் கீரியும் தாங்காது. அதனால் தடை தேவைதான். ஆனால் தடை போட்ட அரசு, அதனால் வேலை இழந்தவருக்கு மாற்று வழி காட்டியதா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. வடநெம்மேலி சங்கத்தில் சில நூறு பேருக்குத்தான் இடம். ஏரிக்கரையில் கையால் இறால் தேடும் குடும்பங்களுக்கு அப்படி ஒரு சங்கம் தானாக வந்துவிடாது.

வேறு ஏரிகளில் என்ன நடந்தது?

சிலிகா ஏரிக்கரையில் மங்களாஜோடி என்று ஒரு கிராமம். ஒரு காலத்தில் நீர்ப்பறவைகளைக் கொன்று விற்பதற்குப் பெயர் போன ஊர். 2000 வாக்கில் உள்ளூர் ஆட்களே சேர்ந்து பறவைப் பாதுகாப்புக் குழு தொடங்கினார்கள். வேட்டைக்குப் போனவர்களே இன்று படகு ஓட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்குப் பறவை காட்டுகிறார்கள். எந்தப் பறவை எந்த நாணலுக்குள் இருக்கும் என்று அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

அதே சிலிகாவில் மீன்பிடிப் பூனைகளைக் கணக்கெடுத்தபோது 176 இருப்பதாக 2022ல் அறிவித்தார்கள். காப்புக்காட்டுக்கு வெளியே, மீனவர்கள் புழங்கும் ஏரியிலேயே அத்தனை பூனைகள். கணக்கெடுப்பில் உள்ளூர் மீனவர்களும் பங்கெடுத்தார்கள்.

பழவேற்காட்டிலும் அக்டோபர் முதல் மார்ச் வரை பறவை பார்க்க வருகிற கூட்டம் குறைவில்லை. அதில் வரும் வருமானத்தில், ஏரியின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் காலால் அறிந்த இருளர்களுக்கும் பங்கு கிடைத்தால் கண்ணி வைக்க வேண்டிய தேவை குறையும்.

சரி, நாம என்ன செய்யலாம்?

* ஓவியத் தூரிகை வாங்கும்போது எந்த முடி என்று கேளுங்கள். செயற்கை இழைத் தூரிகையே போதும். கடைக்காரர் கீரி முடி என்று பெருமையாகச் சொன்னால், அது சட்டவிரோதம்.
* நரிக்கொம்பு, நரிப்பல், நகம் என்று எதையும் வாங்காதீர்கள். வாங்கி வைத்திருப்பதும் வழக்காகலாம்.
* வயலிலோ ஏரிக்கரையிலோ கம்பிச் சுருக்கைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். விலங்கு மாட்டியிருந்தால் நீங்களே விடுவிக்கப் போகாதீர்கள். பயத்தில் கடித்துவிடும்.
* வலையில் நீர்நாயோ ஆமையோ சிக்கினால் வலையை அறுத்து விடுவதுதான் நல்லது. வலை நஷ்டம் என்று மறைத்து வைத்தால் அது பெரிய சிக்கலில் முடியும்.
* இருளர், நரிக்குறவர் என்று பார்த்ததும் சந்தேகப்பட்டு வீடியோ எடுத்துப் போடாதீர்கள். தகவலைச் சொல்ல வேண்டிய இடம் வனத்துறை, வாட்ஸ்அப் குழு இல்லை.

சுருக்கமாக

கண்ணி வைத்தாலே அது வேட்டை. சரணாலயத்துக்குள் என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. கீரி முடிக்கும் நீர்நாய்த் தோலுக்கும் உள்ள சந்தைதான் இந்த வியாபாரத்தை ஓட்டுகிறது, அந்தச் சந்தையில் வாங்குகிற இடத்தில் நாமும் இருக்கிறோம். சட்டம் விலங்கைக் காப்பாற்றத் தொடங்கி 50 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த விலங்கை நம்பி இருந்தவர்களுக்கு 1978ல் ஒரு சங்கம் வந்தது. ஏரிக்கரையில் இன்னும் பறியைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் நிற்பவர்களுக்கு அடுத்த சங்கம் எப்போது என்பதுதான் பாக்கி.